கிரேனும் விழவில்லை, நானும் சாகவில்லை

1

நேற்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் என் குரல் எனக்கே வந்து சேர்ந்தது. அனுப்பியவர் கண்டியில் இருக்கும் பழைய சிநேகிதர். கால் நிமிடம் ஓடுகிற வீடியோ. கறுத்த வானம், பாதி கட்டிய மாடிக் கட்டடம், அதன் உச்சியில் காற்றுக்கு மெதுவாகச் சுற்றும் கிரேனின் நீளமான கை. பின்னால் ஒருவன் கத்துகிறான்: "ஐயோ பாருங்க சனங்களே, கட்டாம விட்டுட்டுப் போயிட்டானுங்க! இது இன்னிக்கு எங்க தலையிலதான் விழப்போகுது!" கீழே ஒரு குறிப்பு: "சற்று முன் புளோரிடாவில். கிரேன் சரிந்து தமிழ்க் குடும்பம் பலி. தவறாமல் பகிரவும்."

அந்தக் குடும்பம் என்னுடையது. பலியானவன் நான். சற்று முன் நான் கோழிக் கறியில் எலும்பு பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

வீடியோ எடுத்து நேற்றோடு சரியாக ஒரு வருடம். இதைப் பற்றி வாயே திறப்பதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் செத்தவனைத் திவசத்துக்குத் திவசம் தோண்டி எடுத்து, "சற்று முன்" என்று ஊர்வலம் விடுகிறார்கள் என்றால் பிணமே எழுந்து நாலு வார்த்தை பேசுவதில் தப்பில்லை. கோபத்தோடுதான் பேசுகிறேன். முதல் கோபம் என் மேல். மிச்சத்தைப் போகப் போகப் பங்கு வைக்கிறேன்.

2

இலங்கை மலைநாட்டில், டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன் நான். இங்கே புளோரிடாவின் மேற்குக் கரையில் ஒரு ஹோட்டலின் லோண்டரியில் வேலை. படுக்கை விரிப்புகள், துவாய்கள், ஈர மூட்டைகள். பதினெட்டு வருடமாக அமெரிக்கர்களின் அழுக்கைத் துவைத்துக் கொடுக்கிறேன் என்று சொன்னால் மனைவி ஸ்டெல்லா முறைப்பாள். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள், அவளிடம் இதைவிட நல்ல கதைகள் உண்டு. மகள் ஷெரின் இங்கேயே பிறந்தவள். பதினைந்து வயது. தமிழ் புரியும். பேசச் சொன்னால் பல் பிடுங்கக் கூப்பிட்ட மாதிரி வாயை மூடிக்கொள்வாள்.

நாங்கள் இருப்பது நாலாம் மாடி. தெருவுக்கு அந்தப் பக்கம் புதிய கட்டடம் எழும்புகிறது. அதன் கிரேன் எங்கள் பல்கனிக்கு எதிரே, கையை நீட்டினால் ஸ்டெல்லா காயப்போட்ட சேலையை எடுத்துவிடும் போல நிற்கும்.

ஊரில் நான் அட்டன் டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நின்றவன். இது முக்கியம், ஏனென்றால் என் முட்டாள்தனத்துக்கு அங்கேதான் பட்டம் வாங்கினேன். ஆடிக் காற்றுக்கு முன்னால் தோட்டத்துச் சனங்கள் கட்டுக்கம்பி வாங்க வரிசையில் நிற்பார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் கூரைத் தகரத்தைக் கம்பியால் இழுத்துக் கட்டுவோம். அதற்கு மேல் கல், அதற்கு மேல் மண் மூட்டை, அதற்கும் மேல் யாராவது பழைய லொறி டயர் கொடுத்தால் அது. கட்டிவிட்டுக் கீழே நின்று பார்த்தால் வீடு எது, குப்பைமேடு எது என்று தெரியாது. ஆனால் தகரம் இருக்கும். எங்கள் பக்கத்தில் காற்றைப் பற்றிய மொத்தச் சாத்திரமும் இவ்வளவுதான்: ஆடுவதைக் கட்டு.

போன வருடம் புயல் வருகிறது என்று அறிவித்தார்கள். தெருவெல்லாம் ஜன்னலுக்குப் பலகை அடிக்கும் சத்தம். கடைகளில் தண்ணீர்ப் போத்தல் காலி. லோண்டரியில் என்னோடு வேலை செய்கிறவன், நெடுஞ்சாலையில் சுறா நீந்துகிற படத்தைக் காட்டினான். இன்னொருத்தி, புயலையே அரசாங்கம்தான் தயாரித்து அனுப்புகிறது என்றாள். நான் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தேன். என்ன சனங்கள், எதையும் நம்புகிறார்களே என்று பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் ஒரு பிரசங்கம் வேறு.

வீட்டுக்கு வந்து பல்கனிக் கதவைத் திறந்தேன். எதிரே கிரேன் தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது.

மேலே ஆள் இல்லை. கீழே ஆள் இல்லை. ஒரு கம்பி இல்லை, ஒரு கயிறு இல்லை. காற்று எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கம் திரும்புகிறது. கட்டுக்கம்பி விற்றவன் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பானா?

3

வீடியோ எடுத்தேன். கத்தினேன். டிக்கோயா, அட்டன் சனங்கள் எல்லாரும் இருக்கிற எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பிறகு அந்தக் கட்டட வேலியில் தொங்கிய அட்டையில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

உங்கள் கிரேனைக் கட்டாமல் போய்விட்டீர்கள் என்றேன்.

"அது சுற்றத்தான் வேண்டும் சார். பயப்படாதீர்கள்" என்றாள்.

"அம்மா, எங்கள் நாட்டில் சுற்றுவதையெல்லாம் நாங்கள் கட்டுவோம்" என்றேன். என் ஆங்கிலத்தில் அது இன்னும் கேவலமாக இருந்திருக்கும். அவள் பொறுமையாக வேறு ஏதோ சொன்னாள். கிரேனிலிருந்து என் வீடு எவ்வளவு தூரத்தில் என்று கேட்டாள். பேச்சை மாற்றுகிறாள் என்று நினைத்து நான் குரலை உயர்த்தினேன். கடைசியில் அவள் வணக்கம் சொல்லி வைத்துவிட்டாள். பார்த்தாயா, பதில் இல்லாமல் வைத்துவிட்டாள் என்று ஸ்டெல்லாவிடம் வெற்றிக் கொடி பிடித்தேன்.

ஷெரின் சோபாவில் படுத்தபடி போனைத் தடவிக்கொண்டிருந்தாள். தலை தூக்காமலே கேட்டாள்:

"அப்பா, அபார்ட்மெண்ட் ஆபீஸ் அனுப்பின மெயில் படிச்சீங்களா?"

"எந்த மெயில்?"

"மூணு தரம் வந்திச்சு. நீங்க டிலீட் பண்ணிட்டீங்கதானே?"

நான் அழித்துவிட்டேன்தான். அந்த ஆபீசிலிருந்து வருவதெல்லாம் பார்க்கிங், நாய்க் கழிவு, நீச்சல் குளம். அவள் தன் அம்மாவின் போனில் அதைத் திறந்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

இரண்டு விஷயம் எழுதியிருந்தது. ஒன்று: பெருங்காற்று வருமுன் கிரேனின் திருப்புத் தடையை வேண்டுமென்றே விடுவித்துவிடுவார்கள், அதன் கை காற்றுக்குத் தோதாகத் திரும்பி நிற்கும், சுற்றுவதைப் பார்த்து யாரும் அஞ்ச வேண்டாம். இறுக்கிப் பிடித்தால்தான் காற்று பக்கவாட்டில் அறைந்து கம்பத்தை முறிக்கும். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அட்டன் பஸ் ஸ்டாண்டில் குடை பிடித்தவன் எவனுக்கும் தெரியும்: குடையைக் காற்றோடு திருப்பினால் வீடு வரும், முறைத்துக்கொண்டு நின்றால் கம்பி மட்டும்தான் வரும்.

இரண்டாவது விஷயம் தடித்த எழுத்தில் இருந்தது. எந்தக் கிரேனும் எல்லாக் காற்றையும் தாங்கும் என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது. புயலில் விழுந்த கிரேன்கள் உண்டு. இவ்வளவு பெரியதைக் கழற்றி இறக்க நாட்கணக்கில் ஆகும், புயல் அறிவித்த பிறகு அவகாசம் இல்லை. ஆகவே அதன் கை எட்டும் வட்டத்துக்குள் இருப்பவர்கள் நாளைக் காலைக்குள் வெளியேற வேண்டும்.

"நாம வட்டத்துக்குள்ள இருக்கமா?" என்றேன்.

"அப்பா, லிட்டரலி நம்ம பில்டிங் பேர் போட்டிருக்கு."

போனில் அந்தப் பெண் வீட்டுத் தூரம் கேட்டது இதற்குத்தான். பயப்பட வேண்டாததற்குப் பயந்து ஊரைக் கூட்டினேன். பயப்பட வேண்டியதை வாசிக்காமல் அழித்தேன். வெளியேறு என்று எழுதியிருந்த இடத்தில் நின்று, வசதியாக வெளிச்சம் பார்த்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை ஒரு பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்துக்குப் போய்விட்டோம். அன்று பின்னேரம் மின்சாரம் போனது, கொஞ்ச நேரத்தில் போன் சிக்னலும் போனது. இந்தச் சந்தடியில் குழுவில் போட்ட வீடியோவை நான் அழிக்கவில்லை. சோம்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்கம் என்றாலும் சரிதான்.

4

இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். கிரேன் நின்றது. கை மட்டும் வேறு திசையைக் காட்டிக்கொண்டிருந்தது. பல்கனியில் ஒரு பூந்தொட்டி உடைந்திருந்தது. சிக்னல் வந்ததும் என் போன் துள்ள ஆரம்பித்தது. முதலாவது செய்தி எங்கள் பழைய பங்குக் கோயில் பாடகர் குழுவிலிருந்து: என் ஆன்மா சாந்தியடையப் பிரார்த்திப்பதாக.

தங்கை லூர்துவுக்குப் போன் போட்டேன். அவள் டிக்கோயாவில் நாங்கள் பிறந்த அதே லயத்தில்தான் இருக்கிறாள். காம்பரா என்கிற ஒற்றை அறை வீடுகள் பன்னிரண்டு ஒட்டியிருக்கும் நீட்டு வரிசை அது. அவளுடையது கடைசிக் காம்பரா, மலைச் சரிவை ஒட்டியது. போனை எடுத்தவள் என் குரலைக் கேட்டதும் வீறிட்டாள். போன் கீழே விழுந்த சத்தம். அவள் புருஷன் ராயப்பன் எடுத்தார். தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுகிற வேலை அவருக்கு. எதையும் நிதானமாகத்தான் செய்வார்.

"யாருங்க பேசுறது?"

"நான்தான் மச்சான்."

"அவரு செத்துட்டாருங்க. நீங்க யாரு?"

"மச்சான், சத்தியமா நான்தான். சிக்னல் இல்லாம இருந்துச்சு."

அந்தப் பக்கம் அவர் லூர்துவிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்தார்.

"அப்ப இந்த வெள்ளக் கொடியெல்லாம் என்னங்க செய்யிறது?" என்றார்.

நடந்தது இதுதான். என் வீடியோ குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குப் போயிருக்கிறது. "விழப்போகுது" என்று நான் கத்தியதை யாரோ ஒரு புண்ணியவான் "விழுந்தது" என்று எழுதி அனுப்பியிருக்கிறார். அடுத்தவர் அதோடு வேறெங்கோ நொறுங்கிக் கிடந்த ஒரு கிரேன் படத்தைச் சேர்த்திருக்கிறார். அதற்கடுத்தவர் குடும்பத்தைச் சேர்த்திருக்கிறார். போன் போட்டால் எங்களிடமிருந்து பதில் இல்லை. முடிந்தது. லயத்துப் பாதையில் சாவு வீட்டு வெள்ளைக் கொடி கட்டி, சனங்கள் உட்கார வாங்குப் பலகைகள் இரவல் எடுத்து, பெரிய அண்டாவில் பால் இல்லாத பிளேன்டீ கொதிக்க வைத்து, இரண்டு நாள் செபமாலை சொல்லியிருக்கிறார்கள். என்னோடு இருபது வருடமாகப் பேசாத ஒருவர் வந்து, நான் எவ்வளவு தங்கமான பிள்ளை என்று அழுதாராம். அதைக் கேட்க எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.

ஆனால் லூர்துவுக்கு அந்த இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. அழுது அழுது மயங்கி, அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது ராயப்பனின் குரலில் விளையாட்டு இல்லை.

"மச்சான், உங்க சத்தந்தான அதுல இருந்துச்சு? வேற எவனாச்சும் சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டோம்ங்க."

அந்த வாக்கியத்தைவிடப் பெரிய கிரேன் எதுவும் என் தலையில் விழுந்ததில்லை.

குழுவில் மறுப்பு எழுதினேன். நான் உயிரோடு இருக்கிறேன், கிரேன் நிற்கிறது, அது சுற்றுவதுதான் சரி, என்னுடைய அவசர புத்தியை மன்னியுங்கள். ஏழு பேர் பார்த்தார்கள். ஒருவர் சிரிக்கிற முகம் போட்டார். இன்னொருவர், "இது உண்மையா என்று உறுதிப்படுத்தவும்" என்று கேட்டார். சாவதற்கு உறுதி தேவைப்படவில்லை, உயிரோடு இருப்பதற்குத்தான் தேவைப்பட்டது.

5

மூன்று கிழமை கழித்து மலைநாட்டில் மழை பிடித்தது. நுவரெலியாப் பக்கம் ரோடுகள் மூடின. டிக்கோயாவில் ஐந்து நாள் சூரியன் தெரியவில்லை. ஒரு நாள் காலை, நான் வேலைக்குக் கிளம்புகிற நேரம், அங்கே அவர்களுக்குப் பின்னேரம், லூர்து ஒரு படம் அனுப்பினாள். லயத்துக்குப் பக்கத்துக் கடைச் சுவரில் ஒட்டிய ஒரு தாள். முழுக்கச் சிங்களம்.

"அண்ணே, இதுல என்னமோ போட்டிருக்கு. யாரோ வந்து ஒட்டிட்டுப் போனாங்க. எங்க வீட்டுக்காரருக்குச் சிங்களம் பேசத்தான் வரும், வாசிக்க வராது. நீங்க டவுனுல இருந்தவங்கதான, பாத்துச் சொல்லுங்க."

அட்டன் கடையில் நின்ற காலத்தில் சிங்களம் வாசிக்கப் பழகியவன் நான். வாசித்தேன். லயத்துக்குப் பின்னால் இருக்கிற சரிவு இறங்கும் அபாயம் இருக்கிறது, அங்கு வசிப்போர் உடனே பள்ளிக்கூடத்துக்குச் செல்ல வேண்டும் என்று இருந்தது.

இங்கேதான் என் கோபத்தின் பெரிய பங்கு. லயம் முழுக்கத் தமிழ்ச் சனம். தாள் ஒட்டியவருக்கு அது தெரியாதா? சுவருக்கு எதிரே நின்று, யாருக்குப் புரிகிறது என்று ஒருவரைக் கேட்டால் போதாதா? நான் செத்த செய்தி எவ்வளவு அழகான தமிழில் வந்தது! எழுத்துப் பிழைகூட இல்லை, கண்ணீர் வடிக்கிற முகத்தோடு, மெழுகுதிரியோடு வந்தது. உயிரைக் காப்பாற்றுகிற செய்தி மட்டும் வாசிக்கத் தெரியாத மொழியில் மழையில் ஊறிக்கொண்டிருக்கிறது. பொய் வீடு தேடி வந்து கதவைத் தட்டுகிறது. உண்மையைத் தேடி, சனங்கள் புளோரிடா வரைக்கும் போக வேண்டியிருக்கிறது. கூரையைக் கட்டிவைத்த மாதிரி எங்கள் சனங்களையும் அந்தச் சரிவிலே கட்டிவைத்திருக்கிறார்கள் தலைமுறை தலைமுறையாக. காற்று அடித்தாலும் மண் இறங்கினாலும் திரும்புவதற்கு ஒரு பக்கம் கிடையாது.

இவ்வளவு கோபத்தையும் போனில் கொட்டினேன். "ராயப்பன் மச்சான்! உடனே ஓடுங்க! மலை வருது! இன்னிக்கே எல்லாரும் போயிருவீங்க! ஒரு நிமிசம் நிக்காதீங்க!" தொண்டை கிழியக் கத்தி, குரல்பதிவாக அனுப்பிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்க முடியாமல் போனும் போட்டேன்.

ராயப்பன் எடுத்தார்.

"மச்சான், நீங்க போன மாசந்தான் செத்தீங்க."

"விளையாடாதீங்க மச்சான், இது நெசம்!"

"அதுவும் இதே சத்தத்துலதாங்க சொன்னீங்க. 'இன்னிக்கே எங்க தலையிலதான்'னு. முந்தாநேத்து ஒருத்தன் மேல டேம் உடைஞ்சிருச்சுன்னு அனுப்பினான். லயமே மழையில கோயில் மேட்டுக்கு ஓடுச்சு. பக்கத்துக் காம்பராப் பெரியம்மா விழுந்து கைய ஒடச்சுக்கிட்டாங்க. திரும்பி வந்தா டேமும் உடையல, எங்க கோழியும் இல்ல. இனி நான் எங்கயும் ஓடமாட்டேன். எனக்கு மாடு இருக்கு. கன்னு போட்டு ஒம்பது நாளு."

"மாட்டப் பாத்துக்கிட்டு மண்ணுக்குள்ள போறீங்களா?"

"பாருங்க, திரும்பவும் கத்துறீங்க" என்று வைத்துவிட்டார்.

6

ஷெரின் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நிற்க வேண்டியவள், கதவில் சாய்ந்து முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்து போனை வாங்கி அந்தத் தாளின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவளுக்கு அது வட்டம் வட்டமான எழுத்து, அவ்வளவுதான்.

"இதுல 'மலை வருது'ன்னு இருக்கா?"

"அப்படி இல்ல... அபாயம்னு இருக்கு."

"'எல்லாரும் போயிருவீங்க'ன்னு இருக்கா?"

"ஷெரின், அத்தை அங்க..."

"அப்பா, நீங்க சொல்றது சொல்லாதீங்க. பேப்பர் சொல்றது சொல்லுங்க."

தமிழ் தடுமாறுகிற பிள்ளை. என்னை அடித்துப் போட்ட வாக்கியம் அது. பஸ் போய்விட்டது, அவள் கவலைப்படவில்லை. என்னை உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். தாளில் இருக்கிறதை வரி வரியாக, எனக்குச் சொந்தமாக ஒரு சொல்லும் சேர்க்காமல் தமிழில் எழுதச் சொன்னாள். எழுதியபோதுதான் நானே கீழ்ப் பாதியைச் சரியாக வாசித்தேன். அது வரைக்கும் மேல் வரியைப் பார்த்ததும் கத்தத் தொடங்கியிருந்தேன். கீழே எழுதியிருந்தது, நம் கண்ணால் பார்க்கக்கூடிய மூன்று அடையாளங்கள்.

பதிவு செய்தேன். மூன்று தரம். முதல் இரண்டையும் ஷெரின் தள்ளிவிட்டாள், குரல் நடுங்குகிறதாம், சினிமா மாதிரி இருக்கிறதாம். மூன்றாவது இப்படிப் போனது:

"லூர்து, நோட்டீஸ்ல இருக்கிறத மட்டும் வாசிக்கிறேன். லயத்துக்குப் பின்னால உள்ள சரிவு இறங்கலாம். ஸ்கூலுக்குப் போகச் சொல்லியிருக்கு. மூணு அடையாளம் போட்டிருக்கு. நிலத்துல வெடிப்பு அகலமாகுறது. மரம், தூண் சாயிறது. ஊத்துத் தண்ணி திடீர்னு கலங்குறது. இதுல ஏதாவது ஒண்ணு கண்டா மழை விட்டாலும் அங்க நிக்க வேணாம். இவ்வளவுதான் இருக்கு."

இரண்டு நிமிடத்தில் ராயப்பன் கூப்பிட்டார்.

"மச்சான், ஒடம்புக்குச் சுகமில்லீங்களா?"

"இல்லியே. ஏன்?"

"இவ்வளவு மெதுவா நீங்க பேசி நான் கேட்டதில்லீங்க. பயமா இருக்கு." பிறகு, "ஊத்துத் தண்ணின்னா, பீலித் தண்ணியுமா?" என்றார்.

பீலி என்றால் மலை ஊற்றைக் குழாய் வழியாக இறக்கிவிட்ட இடம். லயமே அதில்தான் குளிக்கும், குடிக்கும். ஆமாம் என்றேன். போனை வைக்காமலே நடந்தார். செருப்பு சேற்றில் சப்புச் சப்பென்று வைக்கிற சத்தம், மழைச் சத்தம், மாடு ஒரு தரம் கத்தியது. பிறகு நடை நின்றுவிட்டது.

"என்ன மச்சான்?"

"பால் ஊத்தின டீ மாதிரி வருதுங்க."

அங்கிருந்து காம்பராவின் பின்பக்கம் போனார். ஞாயிற்றுக்கிழமை வெற்றிலைக் காம்பு நுழைகிற அளவில் ஒரு வெடிப்பு இருந்ததாம். மாடு மிதித்தது என்று விட்டுவிட்டாராம். இப்போது குனிந்து பார்த்தார்.

"கைமுட்டி நுழையுது மச்சான்" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. "எந்திரிங்க எல்லாரும்!" என்று அவர் கத்துவதுதான் கேட்டது. நான் கத்தியதில் பாதிச் சத்தம்கூட இல்லை. காம்பரா காம்பராவாகக் கதவுகள் திறப்பது எனக்குக் கேட்டது.

இருட்டுவதற்குள் பன்னிரண்டு காம்பராவும் பள்ளிக்கூடத்தில். மாடும் கன்றும் சைக்கிள் நிறுத்துகிற கொட்டகையில். ஷெரினை நானே காரில் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டேன். தாமதத்துக்குக் காரணம் என்ன எழுதுவது என்று கேட்டாள். குடும்ப விஷயம் என்று எழுதச் சொன்னேன். "உண்மைதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுதினாள்.

7

இப்போது நீங்கள் எதிர்பார்ப்பது எனக்குத் தெரியும். அன்றே மலை இறங்கி, லயம் மண்ணோடு போய், கெட்டிக்காரன் என்று எனக்கு மாலை போட்டார்கள் என்று. இல்லை. மலை இறங்கவில்லை. ஆறாம் நாள் வெயில் எறித்தது, வேறு போக்கிடம் இல்லாத சனங்கள் திரும்பி வந்தார்கள். இந்தத் தடவை ஒரு கோழிகூடக் காணாமல் போகவில்லை.

"கிரேனும் விழல, மலையும் விழல. உங்க ராசி அப்படி மச்சான்" என்றார் ராயப்பன். குழுவில் ஒருவர், "மறுபடியும் புரளி கிளப்பிவிட்டார்" என்று எழுதினார்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. இரண்டும் ஒன்றா? கிரேன் விழுந்திருந்தாலும் நான் அதைப் பற்றிச் சொன்னது பொய்தான், ஏனென்றால் கட்டாமல் விட்ட காரணத்தால் அது விழுந்திருக்காது. மலை விழாவிட்டாலும் அதைப் பற்றி அந்தத் தாள் சொன்னது உண்மைதான். வெடிப்பு அங்கேயேதான் இருக்கிறது, வாயைத் திறந்துகொண்டு. எச்சரிக்கையை உண்மையாக்குவதற்கு நாலு பேர் சாகத்தான் வேண்டுமா? எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் எழுதினேன். ஷெரின் சொன்னது ஞாபகம் வந்து, கிழித்துப் போட்டுவிட்டு, "வெடிப்பின் படம் இது, நேற்று எடுத்தது" என்று ஒரு வரி மட்டும் போட்டேன்.

அடுத்த கிழமை ஒரு அதிகாரி லயத்துக்கு வந்தார். வெடிப்பைப் பார்த்தார், தலையை ஆட்டினார், இது வசிக்கத் தகுந்த இடமில்லை என்றார்.

"எங்க போகச் சொல்றீங்க மாத்தயா?" என்று லூர்து அந்த ஐயாவிடம் கேட்டாளாம்.

பாதுகாப்பான இடத்துக்கு, என்றாராம். சொந்தக்காரர் வீட்டுக்கு. லூர்துவின் சொந்தக்காரர்களில் ஒருவன் புளோரிடாவில் கிரேனுக்கு எதிரே இருக்கிறான். மிச்சப் பேரெல்லாம் அதே லயத்தில், அதே சரிவில். காம்பரா அவர்களுடையது இல்லை, அது நிற்கிற மண்ணும் அவர்களுடையது இல்லை. பாதுகாப்பான இடம் எங்கே என்று எழுதிக் கொடுங்கள் என்று அவள் கேட்டதும், அவர் ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கையெழுத்துப் போட்டு வையுங்கள், நாளைக்கு வந்து எடுக்கிறேன் என்று.

அதுவும் சிங்களம்தான். ஆனால் இப்போது லயத்தில் ஒரு புது வழக்கம் வந்திருந்தது. கையெழுத்துக்கு முன்னால் தாள் எனக்கு வந்தது. நான் மெதுவான குரலில், சொந்தச் சொல் சேர்க்காமல், பதிவு செய்து அனுப்பினேன்:

"இந்த இடம் அபாயமானதுன்னு எனக்கு அறிவிக்கப்பட்டது. வேற இடத்துக்குப் போகச் சொல்லி என்னைக் கேட்டுக்கொண்டாங்க. நான் என் சொந்த விருப்பத்துல இங்க தங்கியிருக்கேன். இவ்வளவுதான் இருக்கு."

நாளைக்கு மண் இறங்கினால், இந்தத் தாளைக் காட்டி அதிகாரிகள் கையைக் கழுவிவிட்டுப் போகலாம். இதை நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை. அன்று பன்னிரண்டு காம்பராவிலும் அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள்.

மறுநாள் அதிகாரி வந்தபோது முதலில் நின்றவர் ராயப்பன். வேலைக்குப் போகிற சட்டையை விட்டுவிட்டு, ஞாயிறு பூசைக்குப் போடுகிற சட்டை போட்டிருந்தாராம். தாளை நீட்டினார். கையெழுத்து இருந்தது. கையெழுத்துக்கு மேலே, தமிழில், ஃபெக்டரிக் கணக்குப் புத்தகத்தில் எழுதுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக, ஒரு வரியும் இருந்தது: "என் விருப்பம் இல்லை. போக இடம் தந்தால் இன்றைக்கே போகிறேன்."

அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ராயப்பனுக்குப் பின்னால் பதினொரு பேர் பதினொரு தாளோடு நின்றார்கள். எல்லாத் தாளிலும் அதே வரி.

"இது என்ன எழுதியிருக்கிறீர்கள்?" என்று அவர் சிங்களத்தில் கேட்டார்.

ராயப்பன் நல்ல சிங்களத்தில், மிகுந்த மரியாதையோடு, கைகளைக் கட்டிக்கொண்டு சொன்னாராம்:

"தமிழ் மாத்தயா. யாரையாவது வச்சு வாசிச்சுப் பாருங்க. கொஞ்சம் அவசரம்."